சீட்டு எழுதிக் கொடுத்தால் போதுமா?

ஆப்பிரிக்கக் கிராமங்களில் நாட்டு வைத்தியர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்பது தெரிந்து வெகுகாலமாகிறது. 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா பிரகடனமே ஆரம்ப சுகாதாரப் பணியில் அவர்களுக்கும் இடம் தந்தது. அதன்பின் எத்தனையோ பயிற்சிகள். 'சந்தேகம் என்றால் சீட்டு எழுதிக் கொடுத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்' என்பதே பலவற்றின் சாரம். அனுப்பினால் மட்டும் போதாது என்பது என் கட்சி. தென்மேற்கு உகாண்டாவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் 'லான்செட் எச்ஐவி' இதழில் வெளியானது. ஒரு பிரிவில் வைத்தியரிடம் வந்த 250 பேருக்கு விவரம் சொல்லி, எச்ஐவி பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் பரிசோதித்துக்கொண்டவர்கள் 57 பேர். இன்னொரு பிரிவில் பரிசோதனையை வைத்தியர் கையிலேயே கொடுத்தார்கள். 250 பேரும் செய்துகொண்டார்கள். 10 பேருக்குத் தொற்று இருப்பது புதிதாகத் தெரியவந்தது. முதல் பிரிவில் அப்படி ஒருவரும் இல்லை. அங்கே நோய் இல்லை என்றா அர்த்தம்? வண்டிச்சத்தம், ஒரு நாள் கூலி, வரிசையில் நிற்கும்போது பார்த்துவிடும் ஊர்க்காரர் என்று சீட்டைத் தாண்டி எவ்வளவோ இருக்கிறது.

குறி சொல்பவரிடம் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், தாமதத்தால் போன உயிர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சங்கோமாக்கள் எனப்படும் குறி சொல்லும் வைத்தியர்கள் பிளேடால் தோலைக் கீறி, கசியும் ரத்தத்தில் மூலிகைப் பொடியை வெறுங்கையால் தேய்ப்பதுண்டு. அந்தக் கையில் உறை மாட்ட வைக்க வேண்டுமானால் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும், ஒதுக்கிவைத்தால் கீறல் நிற்கப்போவதில்லை. ஒப்படைப்பதும் முழு மருத்துவத்தை அல்ல, வரையறுத்த ஒரு வேலையை. அதே நாட்டின் லபிசாவில் காசநோயாளிகள் மாத்திரை விழுங்குவதை மேற்பார்வையிடும் பொறுப்பை வைத்தியர்களிடம் விட்டார்கள். அவர்கள் கவனித்தவர்களில் 89 சதவீதம் பேர் சிகிச்சையை முடித்தார்கள். மற்றவர்கள் கவனித்தவர்களில் 67. வைத்தியர்களிடம் இருந்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர்தான், இதை வைத்துக்கொண்டு ஆகாசக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் மாத்திரை அறிவியல் ஆய்வகத்தில் பிறந்தது என்பதற்காக அதை விழுங்கச் சொல்கிறவரும் அங்கிருந்தே வர வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் காசு. நோயாளியை அனுப்பிவிடும் வைத்தியருக்கு அன்றைய வரும்படி போயிற்று. போதாக்குறைக்கு, அவரிடம் போய்வந்தேன் என்றால் நோயாளிக்கு நர்ஸிடம் திட்டு. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வைத்தால் காய்ச்சல், தலைவலி எல்லாம் வண்டியேறிவிடும். அதைவிட, கிராம சுகாதாரப் பணியாளருக்குத் தருவதுபோல, செய்கிற பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் மாதம் ஒரு தொகை தரலாம். அனுப்பிய ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நர்ஸ் இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்புவதற்கோ காசே வேண்டாம்.