பயிற்சி செய்யும் பிள்ளைகளும் நம் மூட்டைச் சரக்கும்



சில ஆண்டுகளாக நம் மாவட்டத்து வாலிபர்களிடையே உடற்பயிற்சியில் நாட்டம் கூடியிருப்பதை எல்லோரும் பார்த்து வருகிறோம். தருமபுரியிலும் பென்னாகரத்திலும் உடற்பயிற்சிக் கூடங்கள் நடக்கின்றன. எங்கள் இண்டூர்ப் பக்கம் விடியற்காலையில் கடை திறக்க வருகிறவர்கள், சாலையோரம் மூச்சிரைக்க ஓடும் பிள்ளைகளைக் காணலாம். இவர்களில் பலர் போலீஸ் வேலைக்கும் ராணுவத்திற்கும் தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். அதன் பிறகு கயிறு ஏறுவதும் தாண்டுவதும் இருக்கின்றன. எத்தனையோ மானாவாரி விவசாயக் குடும்பங்களின் எதிர்காலம் அந்த 7 நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

பிள்ளைகள் ஓடுகிறார்கள், எடை தூக்குகிறார்கள், எல்லாம் சரிதான். சாப்பிடுவது என்ன? காலையில் டீயும் இரண்டு பன்னும். மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறும் தண்ணீரான சாம்பாரும். இரவு புரோட்டா. இதைச் சாப்பிட்டுவிட்டு உடம்பு ஏறவில்லையே என்று கவலைப்பட்டு, யாரோ சொன்னார் என்று புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் என்று விலை. பால் விற்ற பணமும் கல் உடைத்த கூலியும் அந்த டப்பாவுக்குப் போகின்றன.

இதில் நமக்கு என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. டப்பா தேடும் கிராக்கியைப் பார்த்து, நாமும் கடையில் வாங்கி வைக்கலாமா என்று மளிகைக் கடைக்காரர்கள் பலர் யோசிக்கிறார்கள். மூட்டைச் சரக்கில் கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. டப்பாவில் கமிஷன் நூற்றுக்கணக்கில் வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு முழுமையானதல்ல என்பது என் கருத்து. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய சத்து நம் கடை மூட்டைகளிலேயே இருக்கிறது. அதைச் சுத்தமாகவும் நாணயமாகவும், இன்னதற்கு இன்னது என்று சொல்லியும் விற்பதுதான் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

முதலில் டப்பாவைப் பற்றி நியாயமாகப் பேசுவோம். நல்ல கம்பெனியின் அசல் சரக்கில் புரதம் இருப்பது உண்மை. சிக்கல், எது அசல் என்பதில்தான். 2024-ல் கேரளத்து மருத்துவர்கள் நம் நாட்டில் விற்பனையாகும் 36 வகை புரதப் பவுடர்களைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதச் சரக்கில் டப்பா மீது அச்சிட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் சிலவற்றில் பூச்சிமருந்தின் எச்சமும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது. எடையில் ஐம்பது கிராம் குறைந்தால் நம்மிடம் சண்டைக்கு வரும் வாடிக்கையாளர், டப்பாவுக்குள் பாதிச் சத்து குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கடைக்காரருக்கும் இதில் ஆபத்து உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, காலாவதியான பொருளை விற்றால் விற்றவரும் பொறுப்பு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கும் அப்படியே. வேனில் வந்து பில் இல்லாமல் இறக்கிவிட்டுப் போகும் டப்பாவை அலமாரியில் அடுக்குவது, வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வதற்குச் சமம்.

இனி நம் சரக்கின் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு உடம்பின் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை என்று மேற்படி நிறுவனம் சொல்கிறது. கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்குக் கூடுதலாக வேண்டும். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் சாப்பிடுவதால் தசை கூடுதலாக வளர்வதில்லை. 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்குச் சாதாரணமாக 50 கிராம், கடும் பயிற்சிக்கு உச்சமாக 96 கிராம். இதை ஒரு நாள் சிட்டையாக எழுதிப் பார்க்கலாம். சமைப்பதற்கு முந்தைய எடை, சுமாரான புரத அளவு:

கேழ்வரகு மாவு 200 கிராம் – 14 கிராம்
அரிசி 200 கிராம் – 14 கிராம்
கொள்ளு, பச்சைப்பயறு, மொச்சை ஏதாவது 100 கிராம் – 22 கிராம்
வேர்க்கடலை 50 கிராம் – 12 கிராம்
பால் அரை லிட்டர் – 16 கிராம்
முட்டை இரண்டு – 12 கிராம்

கூட்டினால் 90 கிராம். முட்டை சாப்பிடாதவர் 60 கிராம் பொட்டுக்கடலை எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். இதில் பாலும் முட்டையும் நீங்கலாக அத்தனையும் நம் மூட்டைச் சரக்கு. மேலே கீரையும் காய்கறியும் ஒரு பழமும் சேர்ந்தால் போதும். டப்பாவுக்கு இங்கே வேலையே இல்லை.

பயறில் உள்ள புரதம் தரக்குறைவு என்று பிள்ளைகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். தனியாகப் பயறையோ தனியாகத் தானியத்தையோ சாப்பிட்டால் சில கூறுகள் குறையும் என்பது மெய்தான். தானியத்தில் குறைவது பயறில் இருக்கிறது, பயறில் குறைவது தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஈடாகிவிடுகிறது. கேழ்வரகுக் களிக்குக் கொள்ளுக் கடையலும் மொச்சைக் குழம்பும் வைத்த நம் ஊர்ப் பெண்கள், எந்தப் புத்தகமும் படிக்காமலே இந்தக் கணக்கை நேர் செய்திருந்தார்கள். காட்டிலும் கேழ்வரகுக்கு ஊடே அவரையும் மொச்சையும் சேர்ந்தே விளைந்தன.

கேழ்வரகைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியைப் போல 30 மடங்குக்கும் மேல். ஓடுகிறவனுக்கும் எடை தூக்குகிறவனுக்கும் எலும்பு உறுதிதானே அஸ்திவாரம்? சாமை, தினை, வரகு ஆகியவற்றுக்கு உமி நீக்க வேண்டும். கேழ்வரகுக்கு அந்த வேலை கிடையாது. தவிட்டோடு முழுசாக அரைபடுவதால் சத்து நஷ்டம் இல்லை.

களியைக் கிழவர் சாப்பாடு என்று இளக்காரமாக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அந்தப் பகுதியைச் சேர்ந்த கென்யா நாட்டவர்கள்தான் நெடுந்தூர ஓட்டத்தில் உலகையே ஆள்கிறார்கள். அவர்களுடைய அன்றாட உணவு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டித் துடுப்பால் கிளறி எடுப்பது. நம் களிக்கு அண்ணன் தம்பி முறை. கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதும் அங்கே வழக்கம். 2022-ல் பெர்லின் நகரில் மாரத்தான் தூரத்தை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி முடித்த எலியுட் கிப்சோகி, உகாலி சாப்பிட்டு வளர்ந்தவர்.

சாப்பிடும் முறையும் முக்கியம். களி உருண்டையை விழுங்கிவிட்டு உடனே ஓடப் போனால் விலாவில் பிடித்துக்கொள்ளும். விடியற்காலை ஓட்டத்திற்கு முன் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் கஞ்சியோ போதும். பயிற்சி முடிந்த பின் முளைகட்டிய பயறோ ஊறவைத்த கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ சாப்பிடலாம். களி மதியத்திற்கு. கொள்ளைப் புதிதாகச் சாப்பிடுகிறவருக்கு வாயுத் தொந்தரவு வரும். இரவே ஊறவைத்து முளைகட்டி, நன்றாக வேகவைத்தால் அது குறையும், இரும்புச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்த இரும்புச் சத்து வீணாகும். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கூடும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி உண்டு. எடை ஏற வேண்டியவனுக்கு எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் கொடுத்து, எடை குறைய வேண்டியவனுக்குக் கொள்ளுரசம் சொல்லிவிடுவது கடைக்காரருக்குக் கஷ்டமான காரியமல்ல. சிறுநீரகக் கோளாறோ வேறு வியாதியோ உள்ளவர்களை மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வியாபாரத் தரப்பின் கடமையையும் சொல்லியாக வேண்டும். சாமை, தினையைப் பளபளவென்று தீட்டி வெள்ளையாக்கி, சத்து என்று பெயர் போட்டு விற்பது சரியல்ல. தவிடு போன சாமைக்கும் ரேஷன் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தீட்டாத சரக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு பிடிக்கும் என்பது கடைக்காரர்கள் சொல்லும் சமாதானம். காரணம் மெய்யானது, வழியும் இருக்கிறது. பத்து மூட்டை ஒரேயடியாக இறக்காமல், வாரம் ஒரு மூட்டை எடுத்து வேகமாகத் தள்ள வேண்டும். கேழ்வரகு முழுத் தானியமாக ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மாவாக அரைத்தால் அப்படி இருக்காது. ஆகவே தானியமாக வைத்திருந்து, கேட்கும்போது அரைத்துக் கொடுப்பதே உத்தமம். வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்த பருப்பு ஒன்றுகூடப் போகக் கூடாது. அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. டப்பாவில் பூஞ்சை நஞ்சு என்று குறை சொல்கிற நாம், நம் மூட்டையில் அதை வைத்திருக்கலாமா?

காலமும் நமக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. இந்தியாவின் கோரிக்கையை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே 2023-ல் நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்கு மத்திய அரசின் ஆதார விலை 2022-23 பருவத்தில் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்தது. 2025-26 பருவத்திற்கு 4,886 ரூபாய். விளைவிக்கிறவனுக்கு விலை கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிடுகிறவனை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது. நம் மாவட்டச் சரக்கு வெளியூர் போய், வண்ண அட்டைப் பெட்டியில் சத்துமாவாகப் பல மடங்கு விலையில் நம் கடைக்கே திரும்பி வருவதை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது?

உறுப்பினர்களுக்கு என் யோசனைகள் சாதாரணமானவை. கடை முகப்பில் கேழ்வரகு, கொள்ளு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, எள் ஆகியவற்றை ஒரே வரிசையில் திறந்த மூட்டையாக வையுங்கள். மேலே எழுதிய சிட்டையை ஓர் அட்டையில் எழுதி அங்கே தொங்கவிடுங்கள். கால் கிலோ, அரைக் கிலோ என்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுங்கள். பெயரிட்டு முன்கூட்டியே கட்டிய பாக்கெட்டுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது, எதிரிலேயே நிறுத்துத் தரும் தானியத்திற்கும் பயறுக்கும் அது இல்லை. அந்தச் சலுகை பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்.

டப்பா வாங்குகிறவன் கடனில் ஒருமுறை வாங்குவான். பணம் தீர்ந்தால் கடைப்பக்கம் வரமாட்டான். கேழ்வரகும் கொள்ளும் வாங்கிப் பழகியவன் வாராவாரம் வருவான். அவன் வேலைக்குப் போன பின் அவன் வீடே நம் வாடிக்கையாக இருக்கும். லாபம் சிறுகச் சேர்ந்தாலும் நிலையாகச் சேரும். 7 நிமிட ஓட்டத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் முந்தி வருவதற்கு நாம் செய்யக்கூடிய உதவி, சரியான சரக்கைச் சரியான எடையில் கொடுப்பதுதான். அதை இந்த வாரச் சந்தை நாளிலேயே தொடங்கலாம்.