மூன்று பெட்டிப் படத்தை நம்பி எங்கள் பிள்ளைகளை விட முடியாது

பதிவு கொஞ்சம் நீளம். பெற்றோர் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் ஊரில் விஞ்ஞானத்துக்கு டியூசன் போகும் எந்தப் பிள்ளையிடமும் அடர்த்தி என்றால் என்ன என்று கேளுங்கள். "திணிவைக் கனவளவால் வகுத்தால் வருவது" என்று மூச்சு விடாமல் சொல்லும். சரி மகன், ஐஸ் கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்.

இது பிள்ளையின் குற்றமில்லை. வருடா வருடம் போட்டோகொப்பி அடித்து விற்கப்படும் குறிப்புகளில் மூன்று பெட்டி கீறியிருக்கும். திண்மத்தில் துணிக்கைகள் நெருக்கம், திரவத்தில் பாதித் தூரம், வாயுவில் நல்ல தூரம். கீழே "அடர்த்தி: திண்மம் கூட, திரவம் நடுத்தரம், வாயு குறைவு" என்று ஒரு வரி. பாடம் முடிந்தது!

நாங்கள் கேட்கிறோம், இது விஞ்ஞானமா?

முதலாவது, திரவத்தின் பெட்டி பிழை. திரவத்திலும் துணிக்கைகள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டபடிதான் இருக்கின்றன. ஒழுங்கு குலைந்து, இடம் மாறி ஓடுகின்றன, அவ்வளவுதான். பெரிய பாய்ச்சல் வாயுவில்தான். கொதிக்கும் தண்ணீர் ஒரு லீற்றர் முழுதாக நீராவியானால் சுமார் 1600 லீற்றர் இடம் பிடிக்கும். அதாவது துணிக்கைகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 12 மடங்காகிறது. ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றில் காற்றை எடுத்து, வாயை விரலால் அடைத்து அமுக்கிப் பாருங்கள், உள்ளே போகும். தண்ணீரை எடுத்து அமுக்குங்கள், அசையாது. இதைக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, திண்மம் என்றால் அடர்த்தி கூட என்பதும் எல்லா இடத்திலும் சரிவராது. தண்ணீர் உறையும்போது துணிக்கைகள் இடைவெளி விட்டு அடுக்குப்படுகின்றன. ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1.09 லீற்றர் ஐஸ் ஆகும். அதனால்தான் மிதக்கிறது. இரசம் திரவம், இரும்பு திண்மம். ஆனால் இரும்பு இரசத்தில் மிதக்கும். இரசத்தின் அடர்த்தி 13.6, இரும்பினது 7.9. துணிக்கைகள் எவ்வளவு நெருக்கம் என்பது பாதிதான். ஒவ்வொரு துணிக்கையும் எவ்வளவு பாரம் என்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதி மூன்று பெட்டிப் படத்தில் எங்கே?

"பரீட்சைக்கு இது போதும் தானே சேர்?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் வெடித்த செய்திகளைக் கேட்டுப் பயந்தோமே, ஞாபகமா? சிலிண்டருக்குள் இருப்பது அமுக்கித் திரவமாக்கிய வாயு. அதில் ஒரு லீற்றர் கசிந்தால் சுமார் 250 லீற்றர் வாயுவாக விரியும். அதன் துணிக்கை காற்றின் துணிக்கையை விடப் பாரம். அதனால் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அடர்த்தி. அது மேலே போகாது, குசினித் தரையில் படர்ந்து மூலையில் தங்கும். மேல் யன்னலை மட்டும் திறந்துவிட்டு லைட் சுவிட்சைத் தட்டினால் என்ன நடக்கும்? ரெகுலேட்டரை மூடி, கதவை அகலத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வரவேண்டும். "வாயு என்றால் அடர்த்தி குறைவு" என்று பாடமாக்கிய பிள்ளை, அது மேலே போய்விடும் என்றுதானே நினைக்கும்?

வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு தன் உம்மாவின் குசினியில் அது உதவவில்லை என்றால், எடுத்த A சித்தி எதற்கு?

பாராட்டு விழாவுக்கும் கேடயத்துக்கும் பெனருக்கும் ஊரில் காசு சேர்கிறது. ஒரு வகுப்புக்கு நாற்பது சிரிஞ்ச், ஒரு தராசு, நாலு அளவுச் சாடி வாங்க மட்டும் காசில்லையா? பழைய மாணவர் சங்கங்களே, பதில் சொல்லுங்கள்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். மூன்று பெட்டி இருந்தால், ஏன் ஐஸ் மிதக்கிறது என்று நாளைக்கு டியூசன் சேரிடமே கேட்டுவரச் சொல்லுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவில்லை. படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சரியென்று பட்டால் பகிருங்கள். பிழையென்றால் கொமண்டில் வாருங்கள், பேசுவோம்.