சருகைக் கொளுத்தாதீங்க!

திருவண்ணாமலையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மைதானத்தைப் பெருக்கச் சொல்வேன். புங்கமரச் சருகெல்லாம் ஒரு மூலையில் குவியும். தீக்குச்சி கிழிப்பது நான்தான். 'பளிச்சுன்னு ஆயிடுச்சு பாருங்கடா' என்று பெருமை வேறு! எதை எரித்தேன் என்று அப்போது தெரியவில்லை.

பேக்கரியில் பன் உப்புவதற்கு ஈஸ்ட் போடுகிறார்களே, அது ஒற்றைச் செல் பூஞ்சை. 200 ஈஸ்ட்டை வரிசையாக நிறுத்தினால் 1 மில்லிமீட்டர்தான் வரும். அதன் உறவுக்காரர்கள் பலர் காட்டு மண்ணில் வாழ்கிறார்கள்.

இலை பச்சையாக இருக்கும்போதே அதன்மேல் சில ஈஸ்ட்கள் குடியிருக்கும். இலை உதிர்ந்தால் அவையும் கூடவே இறங்கிவிடும். கடினமான நாரைச் சிதைக்க பெரும்பாலான ஈஸ்ட்டுக்குத் தெரியாது. காளானும் பூசணமும் அந்த வேலையைச் செய்யும்போது கசிகிற சர்க்கரையை உறிஞ்சி, மொட்டு விட்டுப் பெருகும். பந்தியில் பாயசத்துக்கு மட்டும் வந்து உட்காரும் ஆள் மாதிரி!

ஆனால், தின்றதற்கு வேலையும் செய்கிறது. லிப்போமைசிஸ் என்று ஒரு வகை உண்டு; மண்தான் அதன் வீடு. உடம்பைச் சுற்றி வெண்டைக்காய்ப் பிசின் போல வழவழப்பான உறை இருக்கும். காய்ந்து போகாமல் அதைக் காப்பதும், மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க உதவுவதும் அந்தப் பிசின்தான். உள்ளே கொழுப்பும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண்ணில் உள்ள அமீபா, நூற்புழு, குட்டிப் பூச்சிகளுக்கு ஈஸ்ட்கள் நல்ல தீனி. அவற்றின் கழிவு மரத்துக்கு உரம்.

ஒரு கிராம் காட்டு மண்ணில் சில நூறு முதல் பல ஆயிரம் ஈஸ்ட் இருக்கலாம். பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். அதுவும் சருகிலும் மேல் மண்ணிலும்தான் அதிகம். ஆழம் போகப் போகக் குறையும். நாம் தீ வைப்பது சரியாக அந்த இடத்தில்தான்!

கோடையில் நம் மலையில் காய்ந்த புல் தீப்பிடித்து எரிவதை மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். 'தி பாரஸ்ட் வே' அமைப்பினரும் மற்ற தொண்டர்களும் அங்கே பல ஆண்டுகளாக மரம் நட்டு, தீ பரவாமலிருக்கத் தடுப்புக் கோடும் வெட்டுகிறார்கள். கோட்டில் மட்டும் புல்லையும் சருகையும் அகற்றுவது காட்டைக் காக்க. நான் மைதானத்தில் கொளுத்தியது சோம்பலால். மரக்கன்று நட்டு போட்டோ எடுக்க எல்லாருக்கும் ஆசை. அதனடியில் விழும் சருகை யார் மதிக்கிறோம்?

'சருகு கிடந்தா பாம்பு வருமே சார்?' என்பீர்கள். நியாயம்தான். விளையாடும் இடத்தில் கிடக்க வேண்டாம். மூலையில் குழி வெட்டிக் கொட்டுங்கள். மேலே ஒரு கூடை மண் போட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். கிளறுவதற்கு நீளக் குச்சிதான், கையை விடக்கூடாது. சில மாதங்களில் கறுப்பாக உதிரும். அதை மரத்தடியில் போடலாம்.

அடுத்த முறை பள்ளியில் பெருக்கும்போது யாராவது தீப்பெட்டியை எடுத்தால், 'ஒரு பழைய வாத்தியார் வேணாம்னு சொன்னார்' என்று சொல்லுங்கள். பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்!