மறைத்தவரும் சொன்னவரும்

மத்திய அரசுப் பணிக்குத் தேர்வாகும் இளைஞர்கள் நிரப்பித் தரவேண்டிய சரிபார்ப்புப் படிவத்தின் தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. பொய்யான தகவல் தருவதும், உண்மையை மறைப்பதும் தகுதியிழப்புக்கு உரியவை என்பதே அது. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் தொடர்கின்றன.

இந்தக் கண்டிப்பு தேவையற்றது என்று யாரும் கூறிவிட முடியாது. 1985-ஆம் ஆண்டு தில்லியை உலுக்கிய கூமர் நாராயண் உளவு விவகாரத்தில், அரசு ரகசியங்களுக்குக் கைமாறாக மதுப்புட்டிகளும் தரப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலக நேர்ந்தது. போதைக்கு அடிமையானவரை விலைக்கு வாங்குவது எளிது. அந்தப் பழக்கத்தை மறைத்து வைத்திருப்பவரை மிரட்டுவது அதைவிட எளிது.

ஆனால், படிவம் கேட்பது பழக்கத்தைப் பற்றியல்ல, வழக்கைப் பற்றி மட்டுமே. வசதியான வீட்டுப் பிள்ளை விடுதி அறையில் ஆண்டுக்கணக்கில் போதையில் கிடந்திருந்தாலும், போலீஸில் சிக்காதவரை 'இல்லை' என்று எழுதலாம். அது பொய்யும் ஆகாது. தெருமுனையில் கஞ்சாப் பொட்டலத்துடன் ஒரேயொரு முறை பிடிபட்ட ஏழை இளைஞருக்கோ 'ஆம்' என்று எழுதுவதைத் தவிர நேர்மையான வழியில்லை. எழுதினால் வேலை கிடைக்குமா என்பதற்கு அந்தப் படிவத்தில் உத்தரவாதம் எதுவுமில்லை.

2016-ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கான நெறிகளை வகுத்தது. இளம் வயதில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், பணியமர்த்துவோர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. அதே தீர்ப்பு, உண்மையை முழுமையாகத் தெரிவித்தவரின் பின்னணியையும் பரிசீலிக்க அரசுக்கு உரிமை உண்டு, அவரைப் பணியில் சேர்த்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் கூறுகிறது. சட்டப்படி இதில் குறை காண்பதற்கில்லை. நடைமுறையில், முடிவு முழுவதும் ஓர் அதிகாரியின் மேஜைக்குப் போய்விடுகிறது. மறைத்தவர் தப்பிவிடலாம், சொன்னவர் வெளியேற்றப்படலாம் என்ற நிலை இருக்கும்போது, நிராகரிப்புக்கு அஞ்சும் 20 வயது இளைஞர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

போதைப் பழக்கத்தைப் பொருத்தவரை முரண்பாடு இன்னும் கூர்மையானது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப்பொருள் உட்கொண்டதாகவோ சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை ஒருவர், தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கிறது. திருந்தியவரை அணைத்துக்கொள்ள ஒரு சட்டம் கை நீட்டுகிறது. கைதானதுண்டா என்ற கேள்விக்கோ அவர் ஆயுள் முழுவதும் 'ஆம்' என்றே பதில் எழுத வேண்டும். சிகிச்சை பெற்று மீண்டதைத் தெரிவிக்கப் படிவத்தில் தனி இடம் ஒதுக்கினால் என்ன?

விமானப் போக்குவரத்துத் துறையில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, போதைப்பொருள் பரிசோதனையில் முதல்முறை சிக்கும் விமானி சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்; மீண்டும் சிக்கினால்தான் உரிமத்துக்கு ஆபத்து. நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிரைச் சுமப்பவருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, அலுவலக எழுத்தருக்கும் காவலருக்கும் மறுக்கப்படக் காரணமில்லை.

எத்தகைய வழக்கு, எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, எந்தப் பணிக்குத் தடையாகாது என்பதை மத்திய அரசு எழுத்துபூர்வமாக வரையறுத்து, படிவத்துடனேயே தரவேண்டும். ரகசியக் கோப்புகளைக் கையாளும் பதவிக்கும் பள்ளி ஆசிரியர் பணிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. நிராகரிக்கும் முன் விண்ணப்பதாரரின் விளக்கத்தைக் கேட்பதும், காரணத்தைப் பதிவு செய்வதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் 2004-இல் காவலர் பணிக்குத் தேர்வான ஒருவர், தாம் விடுதலையான ஒரு வழக்கைப் பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிடவில்லை என்பதற்காகத் தேர்வு ரத்தானது. அவரைப் பணியில் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆண்டு 2024.