சங்கு நின்ற ஊரில்

1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

1898இல் தொடங்கி, பின்னாளில் அரசு எடுத்து நடத்திய ரோடியர் மில், அதுதான் ஏ.எஃப்.டி., 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. சங்கு ஊதி விடிந்த ஊரில் இப்போது சங்கு இல்லை.

உலகமயம் வந்தால் உலகமே ஒரு கிராமமாகிவிடும் என்றார்கள். கிராமம்னா என்னன்னு நம்மகிட்ட கேட்டிருக்கலாம். ஊர் ஒருபக்கம், சேரி ஒருபக்கம். அதுதான் கிராமம்.

மில் ஒன்றும் சொர்க்கமில்லை. பம்பாய் மில்களின் நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை என்பதை 1928 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர்களிடமே அம்பேத்கர் எழுப்ப வேண்டியிருந்தது. ஆனால் அரசு மில் என்றால் இடஒதுக்கீடு கேட்கலாம்; தரலைன்னா வழக்குப் போடலாம். வங்கிக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருப்பதும் அந்த உரிமையால்தான். 1991க்குப் பிறகு அரசு கைகழுவிய இடத்திலெல்லாம் நம் உரிமையும் சேர்ந்தே போனது. தனியார் வேலையில் தலித்துகளுக்கு இடஒதுக்கீடு தரும் மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை.

கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்தான் பிரெஞ்சுக்காரன். அந்த வெள்ளை வீடுகள் பல இன்று ஓட்டல்கள். வரவேற்பில் நிற்பது யார், கக்கூஸ் கழுவுவது யார்? மாணவத் தோழர்கள் போய் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

ஜூலை 30இல் தியாகிகளுக்கு மாலை போடும் சங்கங்கள், தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையையும் அந்த மேடையில் வைக்கட்டும். வைக்கலைன்னா, அந்த மேடையில் நமக்கென்ன வேலை?