ஒருநாள் முன்னதாகப் பிறந்த மாவட்டம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய நாள் 2019 நவம்பர் 26. இந்திய நேரத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்த நாளின் நள்ளிரவை டேட் ஆப்ஜெக்டாக வைத்து ஜேசனாக்கிப் பாருங்கள்: நவம்பர் 25, மாலை 6.30 என்று வரும். எரர் எதுவும் வராது. டேட்டின் டூஜேசன் மெத்தட் எப்போதும் யூடிசி நேரத்தையே எழுதுவதால், ஐந்தரை மணி நேரத்தோடு ஒரு நாளும் கழன்றுவிடுகிறது.

மாவட்டத்தின் பெயரை ஜேசனாக்கப் பைத்தானிடம் கொடுத்தால் சிக்கல் வேறு. ‘கள்ளக்குறிச்சி’ என்பது 14 யூனிகோடு குறிகள். டீஃபால்ட்டாக ஒவ்வொன்றும் ஆறு எழுத்து எஸ்கேப்பாக மாறி 84 பைட் ஆகும். என்ஷ்யூர் ஆஸ்கி ஆப்ஷனை அணைத்து யூடிஎஃப்-8இல் எழுதினால் 42 பைட் போதும். எஸ்கேப்பாக எழுதினாலும் தரவு கெடுவதில்லை. ஆனால் லாக்கில் ஊர்ப் பெயரைத் தமிழில் தேடுபவருக்கு ஒரு வரிகூடச் சிக்காது. மூடிய சூழலுக்கு வெளியே, அமைப்புகளுக்கிடையே செல்லும் ஜேசன் யூடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என 2017இலேயே ஆர்எஃப்சி 8259 சொல்லிவிட்டது.

டீஃபால்ட் என்பது நமக்காக வேறு யாரோ எடுத்த முடிவு. அதை மாற்றும் வழியை இந்த இரு மொழிகளும் தருகின்றன. எந்த இடத்தில் மாற்றுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரீப்ளேசர் ஃபங்ஷனுக்கு வரும் மதிப்பில் தேதியைப் பிடிக்க முயல்வது வீண்: டூஜேசன் முதலில் ஓடிவிடுவதால், அங்கே வந்துசேர்வது வெறும் ஸ்ட்ரிங். பைத்தானின் டீஃபால்ட் ஃபங்ஷனோ, ஜேசன் மாட்யூலுக்குத் தெரியாத டைப் வந்தால் மட்டுமே அழைக்கப்படும். இன்ட்ஈனம் அதைத் தொடாமலே எண்ணாகப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் டேட்டின் டூஜேசனையே மாற்றி எழுதுவது இன்னும் மோசம். அதே புரோகிராமில் உள்ள அடுத்தவர் லைப்ரரியும் சேர்ந்து உடையலாம். ஆப்ஜெக்டில் உள்ளதை எல்லாம் அப்படியே கொட்டும் குறுக்குவழியில், பயனரின் கைப்பேசி எண்ணும் வெளியே போய்விடக்கூடும்.

நேரமில்லாத தேதிக்குத் தனி டைப் வையுங்கள்; அதன் ஜேசன் வடிவத்தை அந்த டைப்பே சொல்லட்டும். வெளியே போகும் ஃபீல்டுகளைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். டெஸ்ட்டை யூடிசி, இந்திய நேரம் இரண்டிலும் ஓட்டுங்கள். யூடிசியில் ஓடும் பில்டு சர்வரில் நள்ளிரவு நள்ளிரவாகவே இருக்கும்; தவறான கோடும் அங்கே பாஸ் ஆகிவிடும்.