பாதிப் பணம் ஒரு முழங்காலில்

தேனி மாவட்டம் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு ஐந்து லட்சம் கைமுதலோடு வரும் வியாபாரி, அதில் பாதியை ஒரே ஆளின் சரக்கில் போடமாட்டார். புரோ கபடி ஏலத்தில் அணி முதலாளிகள் போடுகிறார்கள்.

2022 ஏலத்தில் ஓர் அணி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 4.4 கோடி ரூபாய். அதில் 2.26 கோடியைத் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத் ஒருவருக்கே கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. அந்த சீசனில் அவர் திரும்பவே இல்லை. ‘முடிந்தது கதை’ என்றார்கள். ஆனால், ஏலத்தில் பேர் அடிபடாத இளைஞர் நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார்; சாகரும் சாஹில் குலியாவும் இரு மூலைகளையும் காத்தார்கள். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

அடுத்த சீசனில் அதே பவனை 2.605 கோடிக்குத் தூக்கியது தெலுகு டைட்டன்ஸ். இம்முறை அவர் ஆடினார். அணி கடைசி இடம். வரம்போ 5 கோடிதான். பாதிக்கு மேல் ஒருவருக்குப் போனால், அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் பாடப்போவது யார்?

உச்சவரம்பு எதற்கு? பணக்கார முதலாளி எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிவிடாமல் இருக்க. அதைச் செய்கிறது. ஆனால் அணிகளைச் சமமாக்குவதில்லை. போட்டியைப் பணப்பையிலிருந்து ஆளை எடைபோடும் கண்ணுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. அதே சீசனில் புனேரி பல்டன் ஈரானின் ஷாட்லூயிக்கு 2.35 கோடி கொடுத்தும் கோப்பை வென்றதே என்பீர்கள். உண்மை. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்று தானே வளர்த்துத் தக்கவைத்த பையன்கள் அங்கே இருந்தார்கள். அதனால்தான் அந்தப் பெரிய செலவு தாங்கியது.

தலைவாஸ் பாடம் படித்ததா? 2024இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. முடிவு, ஒன்பதாம் இடம்.

வளர்க்கப் பையன்கள் எங்கே என்றால், பொங்கல் நாள்களில் பெரியகுளம் பக்கம் வந்து பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண்ணில், வெறுங்காலோடு பாடிப்போய் மூவரை இழுத்துவரும் பையன்கள் உண்டு. அவர்களிடம் பலம் இருக்கிறது. ஷூ மாட்டி மேட் விரிப்பில் விட்டால்தான் திரும்பும் இடத்தில் கால் சறுக்கும். அது இரண்டு வருடப் பயிற்சியில் தீரும் குறை. அந்தப் பயிற்சிச் செலவு ஏல வரம்பில் சேராது என்பது நிர்வாகம் அறியாததல்ல.

அடுத்த ஏலத்துக்கு மும்பை ஹோட்டலில் அறை பிடிக்கும் முன், தலைவாஸ் தன் ஆளொருவரைத் தேனிக்குப் பஸ் ஏற்றி அனுப்பட்டும்.